உளூவின் நீர் புறப்படும் மலை



மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என்று சிதறி வாழும் எங்கள் ஏழு குடும்பங்களுக்கும் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை ஊட்டிக்குச் செல்வோம். பூங்கா, படகுத்துறை, தொட்டபெட்டா, சாக்லேட் கடை எல்லாம் முடித்து இரண்டாம் நாள் இரவு இரயில் ஏறிவிடுவோம். திரும்பிய பிறகு ஊட்டியைப் பற்றிச் சொல்வதற்கு எங்களில் எவரிடமும் எதுவும் இருந்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பயணத்தில் ஆண்கள் மட்டும் காலையில் மலை நடைக்குப் போனோம். பெண்கள் வாடகை வீட்டில் தங்கிப் பிரியாணி சமைத்தார்கள். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அப்படித்தான் நடக்கும் என்று இரு தரப்பும் எண்ணிக்கொண்டதால் அப்படி நடந்தது. பிற்பகல் நாங்கள் பசியோடு திரும்பியபோது, எல்லோருக்கும் மூத்தவரான மாமி ஒருவர், "அங்கே என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டார். செல்பேசியில் இருந்த படங்களைக் காட்டினோம். படங்களில் நாங்களே இருந்தோம். மாமி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "அடுத்த முறை நீங்கள் சமையுங்கள், நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறோம்" என்றார். சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் அதன் பின் அந்தப் பேச்சு எங்கள் வீடுகளில் ஓயவில்லை.

சென்ற டிசம்பரில் போனோம், பெண்கள் உட்பட. அந்த நடையைப் பற்றியும், அது எங்களுக்குள் எழுப்பிய ஒரு கருத்தைப் பற்றியும் எழுதவேண்டும் என்பது அனைவரின் முடிவு.

மூன்று மாதங்களுக்கு முன்பே பயிற்சி தொடங்கிவிட்டது. சுபுஹுத் தொழுகைக்குப் பின் லஸ் பக்கத்து நாகேஸ்வரராவ் பூங்காவைச் சுற்றிச்சுற்றி நடந்தவர்கள் உண்டு. அடையாற்றிலிருந்து திரு.வி.க. பாலத்தைக் கடந்து சாந்தோம் வரை நடந்து, பேருந்தில் திரும்பியவர்கள் உண்டு. தியாகராய நகர்க் குடும்பங்கள் மட்டும், பனகல் பூங்காவைச் சுற்றியுள்ள கூட்டத்தில் நடப்பதே போதுமான பயிற்சி என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டன. மலையில் முதலில் மூச்சு வாங்கியவர்களும் அவர்களே.

நாங்கள் தேர்ந்தெடுத்தது அவலாஞ்சியிலிருந்து கோலாரிபெட்டாவை நோக்கி ஏறும் பாதை. கோலாரிபெட்டா 2,629 மீட்டர் உயரம்; நீலகிரியின் முதல் சிகரமான தொட்டபெட்டாவை விட எட்டு மீட்டரே குறைவு. தொட்டபெட்டாவின் உச்சிவரை வாகனம் போகும், அங்கே தேநீர் கிடைக்கும், தொலைநோக்கிக்கு வரிசை நிற்கும். கோலாரிபெட்டாவுக்குக் கால்களால் மட்டுமே போகமுடியும், அதுவும் வனத்துறையின் அனுமதியோடும் வழிகாட்டியோடும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்னும் திட்டத்தைத் தொடங்கி 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று அவற்றை வகைப்படுத்தியும் வைத்திருக்கிறார்கள். இணையத்தில் பதிவு செய்தோம். நீலகிரிக்குள் வாகனம் நுழைவதற்கான இ-பாஸ் 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது, அதையும் எடுத்துக்கொண்டோம். நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவு ஏறி, காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி, மலை ஏறினோம்.

மறுநாள் சுபுஹுக்கு எழுந்தபோது வாடகை வீட்டின் முன்னிருந்த புல் முழுவதும் உறைபனி. குழாய்த் தண்ணீர் கையைக் கடித்தது. கடும் குளிரில் உளூவை நிறைவாகச் செய்வதற்குத் தனி நன்மை உண்டு என்று சிறுவயதில் மதரஸாவில் கேட்டிருக்கிறோம். சென்னையில் அந்த நன்மையைத் தேட வாய்ப்பே இல்லை.

பாதை முதலில் சோலைக்காட்டின் ஓரமாகப் போகிறது. சோலை என்றால் நம்மூர்ப் பூஞ்சோலை அன்று. குட்டையான, முறுக்கிய மரங்கள். கிளைகளில் பாசி தாடிபோலத் தொங்கும். உள்ளே பகலிலும் அந்திபோல் இருக்கும். சோலை முடியும் இடத்தில் ஒரு கோடு போட்டதுபோல் புல்வெளி தொடங்குகிறது. மடிப்பு மடிப்பாகப் புல் மலைகள். ஒவ்வொரு மடிப்பின் இடுக்கிலும் ஒரு கைப்பிடிச் சோலை. ஒரு திருப்பத்தில் கீழே அவலாஞ்சி நீர்த்தேக்கம் கத்தி முனைபோல் மின்னியது. எங்களில் பலருக்கு அந்த இடத்தில் பேச்சு நின்றுவிட்டது. 'சுப்ஹானல்லாஹ்' என்று ஒருவர் மெல்லச் சொன்னார். அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்த மற்றொரு குழுவினரும் அதே இடத்தில்தான் நின்றார்கள் என்பதைப் பின்னர் கவனித்தோம்.

ஆனால் இந்தக் கட்டுரை அந்தக் காட்சியைப் பற்றியதல்ல, ஒரு சேற்றுப் பள்ளத்தைப் பற்றியது.

இரண்டு சரிவுகளுக்கு நடுவே, புல்லைவிடக் கொஞ்சம் அடர்ந்த பச்சையில் ஒரு பள்ளம் இருந்தது. பாதை அதைச் சுற்றிக்கொண்டு போனது. பத்தாம் வகுப்புப் படிக்கும் எங்கள் பிள்ளை ஒருவன், குறுக்கே போனால் பாதித் தூரம் மிச்சம் என்று கணக்குப் போட்டு இறங்கிவிட்டான். மூன்றாவது அடியில் முழங்கால்வரை புதைந்தான். வழிகாட்டியாக வந்த உள்ளூர்த் தம்பி ஓடிப்போய்க் கைகொடுத்து இழுத்தார். திட்டவில்லை. "அது தரையில்லை தம்பி, தண்ணீர்" என்று மட்டும் சொன்னார்.

பையனின் கால் இருந்த குழியில் கறுப்புத் தேநீர் நிறத்தில் நீர் ஊறி நிறைந்தது. நாங்கள் எல்லோரும் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அந்தக் கறுத்த மண்ணைப் 'பீட்' என்கிறார்கள். முற்றா நிலக்கரி என்றும் எழுதுகிறார்கள். புல்லும் பாசியும் செடியும் மடிந்து விழும்போது சாதாரண நிலத்தில் அவை முழுமையாக மக்கிப்போகும். எப்போதும் நீர் தேங்கி, காற்றுப் புகாத குளிர்ந்த பள்ளத்தில் அப்படி மக்குவதில்லை. பாதி மக்கியும் மக்காமலும் ஓர் அடுக்கின்மேல் இன்னோர் அடுக்காகப் படிகின்றன. பஞ்சுபோல் நீரைக் குடித்து வைத்துக்கொள்வது அதன் இயல்பு. மழை பெய்யும்போது வாங்கிக்கொண்டு, மழை நின்ற மாதங்களில் சொட்டுச் சொட்டாக விடும். உலகின் குளிர்ப் பகுதிகளில் மலைகளையே போர்த்திக்கிடக்கும் இந்த மண், வெப்ப மண்டலத்தைச் சேர்ந்த நம் நாட்டில் நீலகிரியின் உயர்ந்த பள்ளங்களில் ஒளிந்து கிடக்கிறது என்பதை நாங்கள் அன்றுவரை அறிந்திருக்கவில்லை.

ஊட்டிக்கு அருகிலுள்ள சாண்டிநல்லா போன்ற இடங்களில் இந்தப் பீட் படிவங்களைத் தோண்டி ஆராய்ந்திருக்கிறார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இரா. சுகுமாரும், அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் ஆர். ரமேஷும், அவர்களுடைய தோழர்களும் 1993இல் 'நேச்சர்' இதழில் அதைப் பற்றி எழுதினார்கள். புல்லிலும் மரத்திலும் கரியணுக்களின் விகிதம் வேறுபடும். எந்த அடுக்கில் எது மிகுந்திருக்கிறதோ அதைக்கொண்டு அந்தக் காலத்தில் மழை மிகுந்ததா குறைந்ததா என்று சொல்லலாம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே பருவமழை தளர்ந்து வறட்சி நிலவியதையும், சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் மழை வலுத்ததையும் அந்தச் சேறு எழுதி வைத்திருந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் 40,000 ஆண்டுகள்வரை பின்னோக்கிச் சென்றன. ஹிஜ்ரத் நடந்த ஆண்டில் நீலகிரியில் முளைத்த புல், அந்தக் கணக்கில் மேலடுக்குகளுக்குள்ளேயே அடங்கிவிடும். எங்கள் பையனின் கால் ஒரே மிதியில் எத்தனை நூற்றாண்டுகளைக் கலக்கிவிட்டு வந்தது என்று சொல்லி அவனைக் கேலி செய்தோம். அவன் சிரிக்கவில்லை.

லுஹர் நேரம் நெருங்கியது. இன்னொரு பிள்ளை எங்களுடன் வந்திருந்த ஹஜ்ரத்திடம், "இந்த மண்ணில் தயம்மும் செய்தால் கூடுமா?" என்று கேட்டான். மண்ணா, மக்கிய புல்லா என்பதே அவன் ஐயம். நல்ல ஃபிக்ஹுக் கேள்விதான். ஹஜ்ரத் சற்று யோசித்துவிட்டு, "காலடியில் தண்ணீர் நிற்கும்போது தயம்மும் பற்றி என்ன பேச்சு?" என்றார். பள்ளத்தின் கீழ்விளிம்பிலிருந்து விரல் தடிமனில் ஒரு நீர் வழிந்துகொண்டிருந்தது. அந்த இடம் கலங்காதபடி, தொலைவில் வழிகாட்டி காட்டிய பாறை ஓடையில் ஒரு குவளையால் மொண்டு, ஒதுங்கி நின்று உளூச் செய்தோம். பயணிகளாதலால் சுருக்கித் தொழுதோம். எங்களில் ஷாஃபிஈக்களும் உண்டு, ஹனஃபிகளும் உண்டு. அஸரைச் சேர்த்துத் தொழுதவர்கள் சேர்த்துத் தொழுதார்கள், மற்றவர்கள் காத்திருந்தார்கள். கிப்லா மேற்கே, சற்று வடக்கு நோக்கி. சுஜூதிலிருந்து தலை தூக்கியபோது கேரளத்துப் பக்கமிருந்து மேகம் மேலேறி வந்துகொண்டிருந்தது.

அந்த விரல் தடிமன் நீர் எங்கே போகிறது என்று மாமி வழிகாட்டியிடம் கேட்டார். அவர் சொன்ன பதிலை வீட்டுக்கு வந்து வரைபடத்தில் வைத்துப் பார்த்தோம். அவலாஞ்சி ஓடைகள் அணைகளில் சேர்ந்து, குந்தா நீர்மின் திட்டத்தில் மின்சாரம் கொடுத்துவிட்டுப் பவானியில் கலக்கின்றன. முக்குருத்திப் பக்கத்து நீர் பைக்காராவாகவும் மோயாறாகவும் இறங்கிப் பவானிசாகரில் அதே பவானியைச் சேர்கிறது. பவானி, தன் பெயரே கொண்ட ஊரில் காவிரியோடு கூடுகிறது. காவிரி கொள்ளிடமாகப் பிரிந்து, கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரியை நிரப்புகிறது. வீராணத்து நீர் 2004 முதல் இருநூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட குழாயில் சென்னைக்கு வருகிறது.

சென்னையின் தண்ணீர் முழுவதும் அங்கிருந்து வருகிறது என்று நாங்கள் சொல்லவில்லை. பூண்டி, செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் இருக்கின்றன; கிருஷ்ணா நீர் இருக்கிறது; கடல்நீரைக் குடிநீராக்கும் மீஞ்சூரும் நெம்மேலியும் இருக்கின்றன. எந்த வீட்டுக் குழாயில் எந்த நாளில் எது விழுகிறது என்று எவராலும் பிரிக்கமுடியாது. ஆனால் வழியில் எத்தனையோ வயல்களுக்கும் ஊர்களுக்கும் கொடுத்தது போக, அந்தப் பள்ளத்தின் ஈரத்தில் ஒரு துளியாவது நாம் உளூச் செய்யும் நீரில் கலந்திருக்க வழி இருக்கிறது.

2019ஆம் ஆண்டை நம் வீடுகள் மறந்திருக்க முடியாது. அந்த ஜூன் மாதத்தில் நகரின் ஏரிகள் வறண்டு, மயிலாப்பூரிலும் தி. நகரிலும் குழாய்கள் காற்றை ஊதின. லாரிக்குக் காத்திருந்த குடங்கள் தெருவில் வரிசை கட்டின. பள்ளிவாசல்களின் ஹவ்ளுகளில் நீர் குறைந்தது. "வீட்டிலேயே உளூச் செய்துவிட்டு வாருங்கள்" என்ற அறிவிப்பைக் கேட்டவர்கள், வீட்டில் மட்டும் என்ன இருக்கிறது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், நாங்கள் நடந்த இந்த அவலாஞ்சியில், ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் மழை கொட்டியது. சில வாரங்கள் இடைவெளியில் நாம் ஒரு குடத்துக்குத் தவித்தோம். அங்கே மலையே கரைந்துவிடும்போல் பெய்தது. பெய்வதும் பெய்யாததும் அல்லாஹ்வின் கையில். பெய்ததைப் பிடித்துவைக்கும் பஞ்சைப் பாதுகாப்பது மட்டும் நம் கையில் விடப்பட்டிருக்கிறது. அதுவும் அமானிதமே.

நம் நகரத்துக்கும் ஒரு பஞ்சு இருந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பழைய பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததைப் பெருமையோடு படித்த நாம், அதன் ஓரத்திலேயே பெருங்குடிக் குப்பை மேடு இருப்பதை மூக்கைப் பிடித்தபடி கடக்கிறோம்.

இனி, நாங்கள் சொல்ல வந்த கருத்து. நம் குடும்பங்கள் மலையில் நடக்கவேண்டும். வாகனத்தில் ஏறி இறங்குவது போதாது. பெண்களும் முதியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்தே நடக்கவேண்டும். அப்படி நடப்பவர்கள் அந்தப் பஞ்சை மிதிக்காமல், அழுக்காக்காமல் நடக்கவேண்டும். நீர் எங்கே பிறக்கிறது என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்த பிள்ளைக்கு, குழாயை மூடு என்று நாம் ஆயிரம் முறை சொல்லவேண்டியிராது.

பெண்கள் மலையில் நடப்பதா என்று இன்றும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். எங்கள் குடும்பங்களிலும் சுளித்தார்கள். அவர்களிடம் ஹஜ்ரத்தே கேட்டார்: ஹஜ்ஜிலும் உம்ராவிலும் ஸஃபா, மர்வாவுக்கிடையே ஏழு முறை நடக்கிறோமே, யாருடைய காலடியை நாம் பின்பற்றுகிறோம்? தாகத்தால் துடித்த குழந்தைக்குத் தண்ணீர் தேடி இரண்டு குன்றுகளுக்கிடையே ஓடிய அன்னை ஹாஜர் (அலை) அவர்களின் காலடியைத்தானே. மலை, நீர், ஒரு பெண்ணின் நடை மூன்றும் சேர்ந்ததைக் கோடிக்கணக்கான ஆண்களும் பெண்களும் வணக்கமாகவே செய்துவருகிறோம். கண்ணியமான உடையோடும் குடும்பத்தின் துணையோடும் நம் பெண்கள் ஒரு புல்வெளியில் ஏறுவதில் என்ன குறை வந்துவிடும் என்ற கேள்விக்கு அவர்களிடமிருந்து பதில் வரவில்லை. மாமிக்கு 57 வயது, சர்க்கரை நோய். நடங்கள், நடங்கள் என்று மருத்துவர் பத்தாண்டுகளாகச் சொல்லிவருகிறார். எங்கே நடப்பது என்று அவருக்கு யாரும் வழிகாட்டியதில்லை. வீட்டு மொட்டைமாடியில் துணிக்கொடிகளுக்கிடையே நடந்துகொண்டிருந்தார்.

அச்சத்தால் தடுப்பவர்களின் பேச்சில் நியாயம் உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சென்னையிலிருந்து சென்றவர்கள் அவர்களில் இருந்தார்கள், பெண்கள் பலர். அந்தச் செய்தி வந்த இரவில் நம் தாய்மார்கள் எப்படி உறைந்துபோனார்கள் என்பது நினைவிருக்கிறது. ஆனால் அந்தத் துயரத்திலிருந்து நாம் எடுக்கவேண்டிய பாடம், கோடைத் தீக்காலத்தில் போகாதீர்கள், அனுமதியில்லாமல் போகாதீர்கள், வழிகாட்டியை விட்டு விலகாதீர்கள் என்பதே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்விடம் பொறுப்பை ஒப்படைக்கச் சொன்ன மார்க்கம் இது. எளிதான பாதைகளும் இருக்கின்றன. ஊட்டிக்கு அருகே கெய்ன் ஹில், கோத்தகிரியில் லாங்வுட் சோலை ஆகியவை முதன்முறை நடப்பவர்களுக்கு ஏற்றவை. எடுத்த எடுப்பில் கோலாரிபெட்டா வேண்டாம். எங்களில் இருவர் முழங்கால் வலியால் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கசப்பான ஒன்றையும் சொல்லியாகவேண்டும். மலைக்குச் செல்லும் நம்மவர் குழுக்களைப் பாதையோரத்தில் பலமுறை பார்த்திருக்கிறோம். நாங்களும் அப்படி இருந்தவர்களே. டேக்ஸா இறங்கும், அடுப்பு மூட்டப்படும், நூறு தட்டுகள் சிதறும், எலும்புகளை நாய்களும் காட்டுப்பன்றிகளும் இழுத்துப்போகும். நாம் மட்டும் அப்படிச் செய்கிறோம் என்பதல்ல. எல்லாச் சுற்றுலாக் கூட்டமும் அப்படித்தான். ஆனால் பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாகக் கற்றவர்கள் நாம். நீர்நிலையிலும் நிழலிலும் நடைபாதையிலும் அசுத்தம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்தார்கள் என்று படித்தவர்கள். அவலாஞ்சியில் அந்த மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஓடும் ஆற்றின் கரையிலிருந்தாலும் உளூவின் நீரை வீணாக்காதே என்ற படிப்பினை, அந்த ஆறு பிறக்கும் இடத்தில் எத்தனை மடங்கு கனக்கவேண்டும்! இம்முறை நாங்கள் எடுத்துச் சென்றது ரொட்டியும் பேரீச்சையும் அவித்த முட்டையும். முட்டை ஓடுகூடப் பையிலேயே திரும்பி வந்தது.

தீயைப் பற்றித் தனியே சொல்லவேண்டும், ஏனெனில் பீட் காய்ந்தால் எரியும். மேலே அணைந்தாலும் மண்ணுக்குள் கனன்றுகொண்டே போகும். இதை நம்மில் பலர் அறியாமலேயே அனுபவித்திருக்கிறோம். 2015இல் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் தோட்டங்களுக்காக வடித்துக் காயவைத்த பீட் நிலங்கள் வாரக்கணக்கில் எரிந்தன. அந்தப் புகை சிங்கப்பூரையும் மலேசியாவையும் மூடியது. செப்டம்பர் 24 அன்று சிங்கப்பூரில் ஹஜ்ஜுப் பெருநாள். மறுநாள் புகைமூட்டத்தால் பள்ளிகளை மூடினார்கள். பெருநாள் வாழ்த்துக்குத் தொலைபேசியில் அழைத்தபோது அங்கிருந்த உறவினர்கள் இருமிக்கொண்டே பேசினார்கள். காடு எரிகிறதாம் என்று கேட்டுக்கொண்டோம். உண்மையில் எரிந்ததில் பெரும்பங்கு காலடி மண்.

நமக்கு முன்னரே இந்த வழியில் இறங்கியவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஹாரூன் மோட்டா என்பவர் தொடங்கிய 'முஸ்லிம் ஹைக்கர்ஸ்' குழுவினர் 2021 டிசம்பர் 25 அன்று பீக் டிஸ்ட்ரிக்ட் பகுதியின் மாம் டோர் குன்றில் நூறு பேருக்கு மேல் சேர்ந்து நடந்தார்கள். இணையத்தில் அவர்களை ஏசியவர்கள் உண்டு. அதைவிட அதிகமானோர் ஆதரவாக எழுந்தார்கள். அதே வட்டாரத்தில் பீட் மண் போர்த்திய கிண்டர் ஸ்கவுட் மேட்டில் நடக்கும் உரிமைக்காக 1932இல் மான்செஸ்டர்த் தொழிலாளர்கள் அத்துமீறி ஏறினார்கள், சிலர் சிறையும் சென்றார்கள் என்பது அந்நாட்டு வரலாறு. நமக்கு இங்கே அப்படி எவரோடும் மல்லுக்கு நிற்கவேண்டிய நிலை இல்லை. பர்தா அணிந்த பெண்கள் ஏறுவதைப் பாதையில் எதிர்ப்பட்டவர்கள் ஒரு கணம் வியந்து பார்த்தார்கள். பிறகு, இன்னும் எவ்வளவு தூரம் என்று மாமியிடமே வழி கேட்டார்கள். மாமி மிகுந்த தெளிவோடு, தவறான தூரத்தைச் சொல்லி அனுப்பினார்.

இறங்கி வீடு சேர்ந்தபோது மஃரிப் ஆகிவிட்டது. முழங்கால் வலியென்று தங்கிவிட்ட இருவரும் பிரியாணி சமைத்து வைத்திருந்தார்கள். உப்பு கூடிவிட்டது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமி அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டு, வீட்டிலிருந்த அந்த இருவரிடமும் பையனின் கால் புதைந்த குழியையும், அதில் நிறைந்த தேநீர் நிறத்துத் தண்ணீரையும், அந்தத் தண்ணீர் போய்ச்சேரும் ஊர்களையும் இஷாத் தொழுகைக்கு எழும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.